சங்குக்கு எழும்பாத குட்டி

1

எங்கள் வீட்டு நாய்க்குட்டிக்கு நகராட்சியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. உறைக்குள் பச்சை நிறத்தில் ஒரு தகர வில்லை, வில்லையில் ஓர் எண். இனிமேல் அதுவும் இந்த ஊர்ப் பிரஜை. வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. நான் ஜெர்மனிக்கு வந்து இந்த மாதத்தோடு பதினெட்டு வருஷம் முடிகிறது. இங்கே நிரந்தரமாகத் தங்கலாம் என்று ஒரு காகிதம் வாங்க எனக்கு ஏழு வருஷம் பிடித்தது. முதலில் என் பெயரைத் தப்பாக எழுதினார்கள். அதைத் திருத்த என் ஞானஸ்நானச் சான்றிதழை மொழிபெயர்த்துக் கொண்டுவரச் சொன்னார்கள். மொழிபெயர்த்தவர் அப்பா பெயரைத் தப்பாக எழுதினார். போகட்டும், நாய்க்காவது சட்டென்று கிடைத்ததே.

அந்தக் கடிதம் மேசைமேல் வந்து விழுந்தபோது பக்கத்தில் இன்னொரு காகிதமும் கிடந்தது. நாயைத் திருப்பிக் கொடுப்பதற்கான படிவம். ஞாயிற்றுக்கிழமைக்குள் நிரப்பி, குட்டியையும் கொண்டுபோய் ஒப்படைத்தால் வேறு குட்டி தருவார்கள். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் ரீட்டா. விக்கிரமசிங்கபுரம் மில் காலனியில் பிறந்து வளர்ந்தவள். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். வீட்டுக்காரர் சேவியர், பேட்டைக்காரர். அங்கே பட்டறையில் லேத்து பழகியவர், இங்கே பல்சக்கரம் செய்கிற தொழிற்சாலையில் நிற்கிறார். ஒரே மகள் ஜெனி, பதினான்கு வயது, இங்கேயே பிறந்தவள். ஊரில், "அவளுக்கு என்ன கொறை, ஜெர்மனியிலலா இருக்கா" என்று பேசிக்கொள்வதாக அக்கா சொல்லுவாள். காலையில் ஐந்தரைக்குக் கிளம்பி, பதினோரு பேரைத் துடைத்து, திருப்பி, உட்கார்த்தி, சாப்பாடு ஊட்டி, மூன்று மணிக்கு முதுகைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். வந்தால் ஜெனியின் அறைக்கதவு சாத்தியிருக்கும். தட்டினால் "என்ன?" என்று ஒரு சொல், அதுவும் ஜெர்மனில். இதுதான் என் குறையில்லாத வாழ்க்கை.

நாய் வேண்டும் என்று நாலு வருஷமாக ஒற்றைக் காலில் நின்றாள். நாய் வந்தால் அறையைவிட்டு வெளியே வருவாள் என்று எனக்கு ஒரு நப்பாசை. சரி என்று தலையாட்டினேன்.

2

நாய் வளர்ப்பவர் வீடு ஊருக்கு வெளியே, ஒரு பண்ணைக்குள். வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட சாதி. ஆறு குட்டிகள். ஒன்று ஜெனியின் ஷூ கயிற்றைக் கடித்து இழுத்தது. அவளுக்கு அதைத்தான் பிடித்தது. எனக்குப் பிடித்தது மூலையில் தூங்கிக்கொண்டிருந்த ஒன்றை. ஒரு கண் நீலம். நாய் வளர்க்கிற அம்மாள் தீனி வாளியைக் கொட்டகைக் கதவில் டங்கென்று இடித்துக்கொண்டு உள்ளே வந்தார். ஐந்து குட்டிகளும் துள்ளி எழுந்து ஓடின. இது மட்டும் கண்ணைத் திறக்கவில்லை.

எனக்கு அப்போதே மனசில் முடிவாகிவிட்டது. ஏனென்று மில் காலனிக்காரர்களுக்குத்தான் தெரியும். எங்கள் காலனியில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை மில் சங்கு ஊதும் என்று நினைக்கிறீர்கள்? ஷிப்டுக்கு முன்னால், ஷிப்டு தொடங்க, ஷிப்டு முடிய. அது ஊதுகிற ஊதலில் தொட்டில் பிள்ளைகள் வீறிட்டு அழும். எந்தப் பிள்ளை அசையாமல் தூங்குகிறதோ அதைத் தெருவே கொண்டாடும். "சங்குக்கு எழும்பாத பிள்ளை, கெட்டி மனசு, பொறுமைசாலி" என்பார்கள். பெண் கேட்டுப் போகிற இடத்தில்கூட இதைச் சொல்லிப் பெருமைப்படுகிற தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். நான் சங்குக்கு எழும்புகிற பிள்ளையாம்; அம்மா கடைசிவரை அதைக் குத்திக்காட்டிக்கொண்டே இருந்தாள்.

"இதையே எடுத்துக்கிடுவோம். பொறுமையான குட்டி" என்றேன்.

ஜெனி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "எனக்குத்தானே நாய்?" என்று ஜெர்மனில் கேட்டாள். அவள் அப்பா வழக்கம்போல இரண்டு பக்கமும் பேசாமல் காரைத் திருப்பப் போய்விட்டார்.

3

வீட்டுக்கு வந்த அன்றே குட்டிக்கு இரண்டு பெயர். ஜெனிக்கு அது பெல்லா. எனக்குப் பொட்டு. அவள் ஜெர்மனில் "வா, உட்கார், இரு" என்றாள். நான் "ஏ பொட்டு, இங்கன வா, பைய வா" என்றேன். குட்டி இரண்டு பேரையும் மதிக்கவில்லை. முகத்துக்கு நேரே போய் நின்றால் வாலை ஆட்டும், நக்கும், கொஞ்சும். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் நீங்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் அதுபாட்டுக்குச் செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கும்.

ஒரு வாரம் போனது. ஜெனிக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ தமிழில் பேசிப் பேசிக் குழப்புகிறாய். எந்த மொழியைக் கேட்பது என்று அதற்குத் தெரியவில்லை. இனிமேல் நாயிடம் ஜெர்மன் மட்டும்தான்!"

அந்த வார்த்தையை நான் முன்னாலேயே கேட்டிருக்கிறேன். ஜெனிக்கு மூன்று வயதில் பேச்சு தாமதமாக வந்தது. பாலர் பள்ளி ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இனிமையாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "வீட்டில் இரண்டு மொழி பேசிக் குழந்தையைக் குழப்பாதீர்கள். ஜெர்மன் மட்டும் பேசுங்கள்." அது சரிதானா என்று நாங்கள் யாரையும் கேட்கவில்லை. வெள்ளைக்காரி, படித்தவள், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அன்று ராத்திரியிலிருந்தே நிறுத்திவிட்டோம். எங்களுடைய அரைகுறை ஜெர்மனில் பிள்ளையைக் கொஞ்சினோம். எனக்கு அந்த மொழியில் அப்போது நோயாளிகளிடம் பேசுகிற வாக்கியங்கள்தான் தெரியும். "வாயைத் திறங்கள், வலிக்கிறதா, இந்தப் பக்கம் திரும்புங்கள்." அதை வைத்துத்தான் என் மகளை வளர்த்தேன். இன்று அவளுக்குத் தமிழ் காதில் விழுந்தால் பாதி புரியும், வாயில் வராது. அவளைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? பூட்டினது நாங்கள்.

இப்போது நாய்க்கும் அதே தீர்ப்பு. நான் சண்டை போட்டிருக்கலாம். உடம்பில் தெம்பு இல்லை. "சரி" என்றேன். பொட்டுவிடமும் ஜெர்மனில் பேச ஆரம்பித்தேன். ஒரே முட்டாள்தனத்தை ஒருத்தி இரண்டு தடவை செய்வாளா என்றால், செய்வாள்.

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பொட்டு என் காலுக்குப் பின்னால், அடுப்படித் தரைவிரிப்பில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. கை வழுக்கி, ஊரிலிருந்து கொண்டுவந்த பெரிய பித்தளைத் தாம்பாளம் மேல்தட்டிலிருந்து சரிந்தது. அடுப்புமேடைமேல் விழுந்து, சுற்றிச் சுற்றி அதிர்ந்து அடங்க அரை நிமிஷம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இந்த ஊரில் ஆணி அடித்தாலே குற்றம். கீழ்வீட்டுக் கிழவர் உடனே அவர் வீட்டுக் கூரையைக் குச்சியால் டொக் டொக் என்று தட்டினார். ஜெனி அறைக்குள்ளிருந்து ஓடி வந்தாள். சேவியர் குளியலறையிலிருந்து "என்னட்டி ஆச்சு?" என்று கத்தினார்.

பொட்டு தூங்கிக்கொண்டே இருந்தது.

ஜெனி அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். தாம்பாளத்தை எடுத்து, குனிந்து, கரண்டியால் அதன் தலைக்கு மேலே ஓங்கி அடித்தேன். வயிறு மூச்சுக்கு ஏறி இறங்கியதே தவிர, காது மடல்கூட அசையவில்லை. தினமும் காது கேட்காத கிழவர்களோடு மாரடிக்கிறவள் நான். அவர்கள் எப்படித் திரும்புவார்கள், எப்படித் திரும்பமாட்டார்கள் என்று எனக்கு அத்துப்படி. என் காலடியில் இருந்ததை மட்டும் பார்க்கவில்லை.

கால்நடை மருத்துவர் ஒரு சிறு பெண், ஜெனிக்கு அக்கா மாதிரி இருந்தாள். குட்டிக்கு மயக்க மருந்து கொடுத்து, தலையில் மெல்லிய கம்பிகளைப் பொருத்தி, காதுக்குள் டிக் டிக் என்று சத்தம் செலுத்தினாள். கேட்கிற காதாக இருந்தால் திரையில் கோடு மலை மாதிரி ஏறி இறங்குமாம். இடது காதுக்குக் கோடு படுத்தே கிடந்தது. வலது காதுக்கும் படுத்தே கிடந்தது.

"பிறவிக் குறை. இரண்டு காதும். வைத்தியம் கிடையாது" என்றாள். "வெள்ளைச் சாதிகளில் இது உண்டு. நீலக் கண் இருந்தால் இன்னும் கவனமாகப் பார்த்திருக்கவேண்டும். நீங்கள் எதை வைத்து இந்தக் குட்டியைத் தேர்ந்தெடுத்தீர்கள்?"

எங்கள் ஊர் மில் சங்கைப் பற்றி இவளிடம் எந்த மொழியில் சொல்ல? "அமைதியாக இருந்தது" என்றேன். ஜெனி என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

5

நாய் வளர்ப்பவர் போனில் ரொம்ப மரியாதையாகப் பேசினார். வருந்துகிறேன் என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பிக் கொண்டுவாருங்கள், அடுத்த ஈற்றில் நல்ல குட்டி தருகிறேன் என்றார். "இதை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். நர்ஸ் வேலையில் அந்த மாதிரி பதிலை நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் படிவம் வந்தது. பொருளின் பெயர், பெற்ற தேதி, குறையின் தன்மை, குறை முதலில் எப்போது தெரியவந்தது. குக்கரைக் கடையில் திருப்பிக் கொடுக்கும்போதும் இதே கேள்விகளைத்தான் கேட்டார்கள்.

சேவியருக்குச் சந்தேகமே இல்லை. "ஏட்டி, யோசிச்சுப் பாரு. வெளிய கூட்டிட்டுப் போனா காரு வாற சத்தம் கேக்காது. கயித்தை விட்டா கூப்பிட்டாலும் திரும்பாது. தூங்கும்போது தொட்டா பயந்து கடிச்சிரும்னு அந்த டாக்டர் பிள்ளை சொல்லுச்சுலா. நீயும் நானும் வேலைக்குப் போயிருதோம். யாரு பாக்கது?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பு கிடையாது. மருத்துவப் பெண்ணும் அதைத்தான் சொன்னாள். கூடவே, பொறுமை இருந்தால் கை சைகையால் பழக்கலாம் என்றும் சொன்னாள். என்னிடம் எங்கே இருக்கிறது பொறுமை? என்னிடம் மிச்சம் இருந்ததெல்லாம் முதுகுவலி. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். நல்லவள் மாதிரி இங்கே மாற்றி எழுத எனக்கு விருப்பம் இல்லை.

மனசு கேட்காமல் விக்கிரமசிங்கபுரத்துக்குப் போன் போட்டேன். தெரேஸ் அக்கா, அம்மா இருந்த அதே வீட்டில்தான் இருக்கிறாள். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். அவள் பொறுமையாகக் கேட்டாலே பயம்தான்.

"ஏட்டி கோட்டிக்காரி, அப்பாவுக்கு மட்டும் காது கேட்டுச்சாக்கும்?"

எங்கள் அப்பா மில்லில் ஸ்பின்னிங் பகுதி. முப்பது வருஷம் அந்த இரைச்சலுக்குள் நின்றதில் நாற்பத்தைந்து வயதிலேயே காது போய்விட்டது. அந்தப் பகுதியில் காது கேட்கிறவர்களும் கையால்தான் பேசுவார்கள். மெஷின் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. உள்ளங்கையைத் தரையைப் பார்த்துத் தட்டினால் பைய. நெஞ்சுக்கு நேரே கையை மடக்கி இழுத்தால் இங்கன வா. காலரைத் தொட்டால் மேஸ்திரி வாரான். தரையில் காலை உதைத்துத்தான் ஒருத்தரை ஒருத்தர் திரும்பவைப்பார்கள். அந்தச் சைகை எல்லாம் அப்பாவோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. காலனியில் பாதி வீட்டில் அப்படித்தான்.

"அது வேற, இது வேற, அக்கா. இது நாய்" என்றேன்.

"சவத்த, ஒனக்கு எல்லாம் வேற வேறதான். ஒம் மவ எங்க? அவகிட்ட போனைக் குடு."

அவளிடம் கொடுத்தால் இருவரும் என்ன பேசப்போகிறார்கள்? "நல்லா இருக்கீங்களா பெரியம்மா", "நல்லா இருக்கேன்மா", முடிந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நடக்கிற நாடகம். ஜெனியின் எண்ணை மட்டும் அக்காவுக்கு அனுப்பிவிட்டு மாத்திரை போட்டுப் படுத்துவிட்டேன்.

6

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது ஜெனியின் அறைக்கதவு திறந்திருந்தது. வீட்டில் ஒரு சத்தம் இல்லை. எட்டிப் பார்த்தேன். மேசைமேல் போன் சாய்த்து வைத்திருக்கிறது. அதில் அக்கா, ஊர்ப் புழுக்கத்தில், வேர்த்துப்போய். வாயே திறக்காமல் கையை மடக்கி இழுக்கிறாள். இங்கே என் மகள் பொட்டுவைப் பார்த்து அதேபோல இழுக்கிறாள். குட்டி வேறெங்கோ பார்க்கிறது. அக்கா காலை உதைத்துக் காட்டுகிறாள். ஜெனி தரையில் ஓங்கி ஒரு உதை விட்டாள். பலகைத் தரை அதிர்ந்தது. குட்டி வெடுக்கென்று திரும்பியது. ஜெனி கையை மடக்கினாள். அது தயங்கித் தயங்கி வந்து அவள் முழங்காலில் மூக்கை வைத்தது.

"அப்படித்தாம்ட்டி! அப்படித்தான் என் ராசாத்தி!" என்று அக்கா போனுக்குள்ளிருந்து கூவினாள். கீழ்வீட்டுக் கிழவர் டொக் டொக் என்று தட்டினார். தட்டட்டும்.

புதன்கிழமையிலிருந்தே தினமும் இரண்டு மணி நேரம் இது நடக்கிறதாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. பதினான்கு வருஷத்தில் என்னிடம் இத்தனை நேரம் அவள் உட்கார்ந்ததில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தது. சேவியர் காரில் துணி விரித்துவைத்துவிட்டார். ஒரு தடவை மூக்கை வைத்ததால் காது வந்துவிடுமா? நான் மேசையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். "குறையின் தன்மை" என்ற இடத்தில் பேனா நின்றது. ஜெனி குட்டியை மடியில் வைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் வாயை அசைத்து ஒத்திகை பார்த்தாள். பிறகு தமிழில் சொன்னாள்.

"பெரியம்மா சொன்னாங்க. தாத்தாக்கும் கேக்காது. ஆனா தாத்தாவை யாரும்... திருப்பிக் குடுக்கலை."

அக்கா நல்லவள். மீதியை அவளுக்குச் சொல்லவில்லை.

நான் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். முதலில் ஜெர்மனில்தான் ஆரம்பித்தேன். பெண் பார்க்க வருவது என்பதை அந்த மொழியில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தமிழுக்கு மாறினேன். "உங்க அப்பா வீட்டுலேர்ந்து என்னைப் பெண் பாக்க வந்தப்போ, பேட்டையிலேர்ந்து வேன் வச்சு பதினஞ்சு பேர் வந்தாங்க. தாத்தாவுக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்சா, பரம்பரை நோயோ, பிறக்கிற பிள்ளைக்கும் வருமோன்னு சம்பந்தம் நின்னு போயிரும்னு எங்கம்மா பயந்தா. அதனால தாத்தாவைக் கல்லிடைக்குறிச்சிக்கு, அவர் தம்பி வீட்டுக்கு அனுப்பிரலாம், வந்தவங்ககிட்ட மில்லுல டபுள் ஷிப்டுன்னு சொல்லிரலாம்னு முடிவு பண்ணினோம். பெண்ணுக்குத் தகப்பன் இல்லாம, மாமாதான் முன்னால உக்காந்து பேசினாரு. என்னையும் கேட்டாங்க. நானும் சரின்னு தலையாட்டினேன்."

ஜெனி எல்லாம் புரிந்துகொண்டாளா என்று தெரியாது. குட்டியைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"தாத்தாக்குத் தெரியுமா?" என்றாள்.

பெண் பார்க்க வந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா, மாமா, அக்கா, நான் நாலு பேரும் அவர் எதிரிலேயே உட்கார்ந்துதான் பேசினோம். கேட்காதவர்தானே என்று சத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை. அவர் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலை நாங்கள் எழுந்தபோது அவர் குளித்து, சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, முதல் பஸ்ஸில் கல்லிடைக்குறிச்சிக்குப் போயிருந்தார். அம்மா சொல்லி அனுப்பியிருப்பாள் என்று நானும் அக்காவும் நினைத்தோம். மாமா சொல்லியிருப்பார் என்று அம்மா நினைத்தாள். கல்யாணம் முடிந்து ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, யாருமே சொல்லவில்லை என்று. முப்பது வருஷம் இரைச்சலுக்குள் நின்றவருக்கு உதட்டைப் பார்த்தால் போதும். நான் தலையாட்டியதைப் பார்ப்பதற்கு அதுகூட வேண்டாம்.

"தெரியும்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. சேவியர் வாசலில் கார்ச் சாவியோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாய் வளர்ப்பவருக்கு நானே போன் செய்தேன். வரவில்லை, குட்டி எங்களிடமே இருக்கட்டும் என்றேன். அவருக்கு ஆச்சரியம். "ஏன், கேட்க ஆரம்பித்துவிட்டதா?" என்றார்.

"இல்லை, அப்படியேதான் இருக்கிறது" என்றேன்.